கிழவி வேடத்தில் லிஃப்ட் சித்தப்பா

எங்கள் தந்தை வழியில் ஒன்றுவிட்டவர், இரண்டுவிட்டவர் என்று சித்தப்பாக்கள் பலர் இருப்பதால், தொழிலைச் சேர்த்துச் சொன்னால்தான் ஆள் பிடிபடும். லிஃப்ட் சித்தப்பா என்றால் என் தந்தையின் உடன்பிறந்த தம்பி. அவருடைய பிறந்த தேதி பள்ளிச் சான்றிதழில் ஒன்றாகவும், அவருடைய தாயார் சொல்லி வந்தது வேறாகவும் இருக்கிறது. மூத்த மகனுக்கு அம்மை போட்டிருந்த வாரத்தில் இளையவன் பிறந்தான் என்பது தாயாரின் கணக்கு. அந்த அம்மைத் தழும்பு பெரியப்பாவின் நெற்றியில் இன்றும் இருக்கிறது. சான்றிதழில் அப்படி எந்தத் தழும்பும் இல்லை. ஆகவே தாயாரின் கணக்கையே நான் ஏற்றுக்கொண்டிருக்கிறேன்.

தொழிற்பயிற்சிப் பள்ளியில் படித்து முடித்ததும் சித்தப்பா ஒரு லிஃப்ட் நிறுவனத்தில் சேர்ந்தார். இன்றுவரை அங்கேதான் இருக்கிறார். ஆள் நல்ல உயரம், அகலம். பேச்சு மட்டும் சிக்கனம். வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும் என்று பயப்படுகிறார் என்பது சித்தியின் நிரந்தரப் புகார். ஆனால் காது கூர்மையானது. எந்தக் கட்டடத்துக்கு விருந்தாளியாகப் போனாலும் லிஃப்டில் ஏறியவுடன் உள்ளங்கையைச் சுவரில் பதித்துக்கொண்டு, தலையைச் சற்றே சாய்த்து, அது ஏறும் ஓசையைக் கேட்பார். நோயாளியின் முதுகில் காது வைக்கும் டாக்டர் மாதிரி இருக்கும். இரும்புக் கயிற்றைப் பரிசோதிக்கும்போது பழைய பருத்தித் துணி ஒன்றை அதன்மேல் சுற்றிப் பிடித்துக்கொண்டு கயிற்றை மெதுவாக ஓடவிடுவார். கயிற்றில் ஒரு கம்பி அறுந்திருந்தாலும் அதன் முனை துணியில் மாட்டிக்கொள்ளும். துணி சிக்கினால் லிஃப்ட் நிற்க வேண்டும். அந்த விஷயத்தில் அவரிடம் யாருடைய சிபாரிசும் எடுபடாது.

பெரியப்பா வேறு மாதிரி. பேருந்துக் கழகத்தில் நேர அட்டவணை போடும் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். எந்த வண்டி எந்த நிறுத்தத்தை எப்போது தாண்ட வேண்டும் என்பதைப் பென்சிலும் அளவுகோலுமாக உட்கார்ந்து தீர்மானித்தவர். வீட்டிலும் அதே ஒழுங்கு. அவர் பல் துலக்குவதை வைத்துக் கடிகாரத்தைத் திருத்தலாம் என்று என் தந்தை சொல்வார். மூன்று சகோதரர்களின் தாயாரும் பெரியப்பாவோடு நாலாவது மாடியில் இருந்தார். அந்தக் கட்டடத்தின் லிஃப்ட் சித்தப்பாவின் பொறுப்பில் இருந்தது.

ஒரு சனிக்கிழமை காலை வழக்கமான பரிசோதனையில் துணி சிக்கியது. சித்தப்பா மின்சாரத்தைத் துண்டித்தார். இயந்திர அறையைப் பூட்டினார். தரைத்தளத்தில் அறிவிப்புப் பலகையை மாட்டினார். புதுக் கயிறு திங்கட்கிழமைதான் வரும் என்று, அப்போது இன்னும் வேலையில் இருந்த பெரியப்பாவை அலுவலகத்தில் தொலைபேசியில் கூப்பிட்டுச் சொன்னார். அன்று மாலை தாயார் கீழே கடைக்குப் போகக் கிளம்பியிருக்கிறார். லிஃப்டின் பொத்தானை அழுத்திப் பார்த்திருக்கிறார். வரவில்லை. படி வழியே இறங்கியவர், இரண்டாவது மாடித் திருப்பத்தில் வழுக்கி விழுந்தார். இடுப்பெலும்பு முறிந்தது. அந்த முறிவை முதன்முதலில் படத்தில் பார்த்தவள் பெரியப்பாவின் மகள். மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுப்பவள். எங்களுக்கு எக்ஸ்ரே அக்கா. தாயார் அதன்பின் எழுந்து நடக்கவேயில்லை. மறு ஆண்டு படுக்கையிலேயே காலமானார்.

விழுந்த அன்று மருத்துவமனை நடையில் பெரியப்பா, "ஒரு வார்த்த அம்மாகிட்ட சொல்லியிருக்கலாம்ல நீ" என்றார். சித்தப்பா, "உங்ககிட்ட சொன்னேனே" என்றார். இருவருக்கும் நடுவில் நின்ற என் தந்தை இதைச் சொல் மாறாமல் எனக்குச் சொல்லியிருக்கிறார். அவ்வளவுதான். அதற்குப் பிறகு அந்தச் சகோதரர்கள் ஒருவரோடு ஒருவர் பேசவில்லை.

பேசவில்லை என்றால் முகம் பார்க்கவில்லை என்று பொருளல்ல. வீட்டு விசேஷங்களுக்கு இருவரும் வருவார்கள். ஒரே சோபாவில்கூட உட்காருவார்கள். நடுவில் என் தந்தை இருக்க வேண்டும். "ஜன்னலச் சாத்தலாமான்னு அவன்கிட்ட கேளு" என்பார் பெரியப்பா. "சாத்தலாம்னு சொல்லு" என்பார் சித்தப்பா. என் தந்தை இரண்டையும் திருப்பிச் சொல்லாமல் எழுந்துபோய் ஜன்னலைச் சாத்துவார். இரண்டு பேரையும் பேசவைக்க அவர் செய்த முயற்சிகள் எல்லாம் தோற்றன. அதே காலத்தில் பெரியப்பா லிஃப்டில் ஏறுவதையும் விட்டார். சொந்த வீடானாலும் வேறு எங்கானாலும் படிதான். முழங்கால் வலிக்க ஆரம்பித்த பிறகும் அந்தப் பிடிவாதம் தளரவில்லை.

எக்ஸ்ரே அக்கா திருமணமாகித் தனியே மூன்றாவது மாடி வீடொன்றில் குடியேறியபின், ஞாயிறு பிற்பகல்களில் அவள் வீட்டு உணவு மேசையைச் சுற்றி ஒரு விளையாட்டு நடந்து வந்தது. அதை விளங்கச் சொல்வது என் கடமை. ஒருவர் கதையை நடத்துவார், அது அக்கா. மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாக அந்தக் கதைக்குள் வாழ்வார்கள்: மாவீரன், சூனியக்காரி, வில்லாளி, திருடன் என்று. காடும் கோட்டையும் டிராகனும் உள்ள கற்பனை நாடு. அக்கா, "எதிரே ஒரு ஆறு, பாலம் உடைந்திருக்கிறது" என்பாள். பாத்திரங்கள் என்ன செய்வதென்று தங்களுக்குள் பேசி முடிவெடுப்பார்கள். முடிவு பலித்ததா இல்லையா என்பதை இருபது முகம் கொண்ட பகடையை உருட்டிப் பார்ப்பார்கள். பெரிய எண் விழுந்தால் பலித்தது, இருபது என்றால் முழு வெற்றி. ஒரே கதை வாரக்கணக்கில், ஆண்டுக்கணக்கில் ஓடும். வேடம், ஒப்பனை எதுவும் கிடையாது. எல்லாமே பேச்சுதான்.

அந்த மேசைக்கென்று ஒரு விதி இருந்தது. யார் என்ன பேசினாலும் அது பாத்திரத்தின் பேச்சு. சொந்தப் பேச்சு பேச வேண்டுமானால் ஒரு கையைத் தலையில் வைத்துக்கொள்ள வேண்டும். விதி பிறந்த காரணமும் பதிவுக்குரியதே. எதிர்வீட்டுத் தையற்காரர் ஒருமுறை "தண்ணி வேணும்" என்று கேட்க, அக்கா அதை அவருடைய மாவீரன் கேட்டதாக எடுத்துக்கொண்டு அவனுடைய தோல்பையில் இருந்த தண்ணீரைக் கழித்துவிட்டாள். தையற்காரர் ஆட்டம் முடியும்வரை தாகத்தோடு இருந்தார். அன்றிலிருந்து கை தலைக்குப் போயிற்று. தெரியாத ஒருவர் வந்து பார்த்தால், பிஸ்கட் தட்டைச் சுற்றி நாலைந்து பேர் கப்பல் கவிழ்ந்ததுபோல் உட்கார்ந்திருப்பதாகத் தோன்றும்.

ஆட்டக்காரர்களில் இருவர் ஊர் மாறிப் போனார்கள். அக்கா தன் தந்தையிடம், "ஒரு ஆள் கொறையுதுப்பா, இந்த ஒரு வாரம் மட்டும்" என்றாள். சித்தப்பாவிடமும் அதையே சொன்னாள். இரண்டும் உண்மைதான், தலைக்கு ஒரு ஆள் குறைந்தது என்று பிற்பாடு சாதித்தாள். அந்த ஞாயிறு சித்தப்பா லிஃப்டில் வந்து முன்னதாகவே உட்கார்ந்துவிட்டார். பெரியப்பா படியேறி மூச்சிரைக்க வந்து வாசலில் நின்றார். இருவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். முதலில் எழுந்து போகிறவர் தோற்றவர் ஆகிவிடுவார் என்பதால் யாரும் போகவில்லை.

அக்கா முன்பே எழுதி வைத்திருந்த பாத்திரங்களைச் சீட்டுப் போட்டுக் கொடுத்தாள். பெரியப்பாவுக்கு விழுந்தவன் இளந்திருடன். பூட்டைத் திறப்பான், சுவர் ஏறுவான். சித்தப்பாவுக்கு விழுந்தவள் வயதான சூனியக்காரி. அக்காவோடு மருத்துவமனையில் வேலை பார்க்கும் நர்ஸ், வில்லாளியாக ஆடி வந்தவர், சிரிப்பை அடக்க முடியாமல் எழுந்து சமையலறைக்குப் போய்விட்டாராம். அத்தனை பெரிய உடம்பில் ஒரு கிழவி.

சித்தப்பா சீட்டை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். அக்கா, காட்டு வழியில் நரிகள் சூழ்ந்துவிட்டதாகச் சொன்னாள். மற்றவர்கள் வில்லையும் வாளையும் எடுத்தார்கள். கிழவி என்ன செய்கிறாள் என்று கேட்டபோது சித்தப்பா தொண்டையைச் செருமிக்கொண்டு, "நரி வந்தா வரட்டும். அதுக்கென்ன இப்போ. அதுவும் பசிக்குத்தான வருது" என்றார்.

மேசை முழுவதும் சிரித்தது. பெரியப்பா சிரிக்கவில்லை. அது அவர்களுடைய தாயாரின் வாய்ப்பேச்சு. பால் பொங்கி வழிந்தாலும், மின்சாரம் போனாலும், விருந்தாளி சொல்லாமல் வந்து நின்றாலும், தாயார் முதலில் சொல்வது "அதுக்கென்ன இப்போ" என்பதுதான். இடுப்பு முறிந்து கிடந்தபோது பார்க்க வந்தவர்களுக்கும் அதையே சொன்னார். சித்தப்பா அதை யோசித்துச் சொல்லவில்லை என்பது என் முடிவு. கேட்டதற்கு, "கெழவி எப்படிப் பேசும்னு எனக்கு வேற யாரத் தெரியும்" என்று மட்டும் சொன்னார்.

ஒரு வாரம் மட்டும் என்று வந்த பெரியப்பா மறு வாரமும் வந்தார். அதற்கு அடுத்த வாரமும் வந்தார்.

விதி அவர்களுக்கு வசதியாக அமைந்துவிட்டது. திருடன் கிழவியோடு பேசலாம். பெரியப்பா தம்பியோடு பேசியதாக ஆகாது. கிழவி திருடனைத் திட்டலாம். சித்தப்பா அண்ணனை மரியாதையில்லாமல் பேசியதாக ஆகாது. பிறந்ததிலிருந்து அண்ணனை 'நீங்க' என்றே விளித்து வந்தவர், கிழவியின் வாயால் "டேய் பயலே, காது கழுத்துல இருக்கா" என்பார். பெரியப்பாவும் பதிலுக்கு, "கெழவி, ஒனக்கு வாய் மட்டும் வயசாகல" என்பார். திருடன் களவாடி வரும் ரொட்டியைக் கிழவி திட்டிக்கொண்டே தின்பாள். பாதியை அவனுக்கே திருப்பித் தருவாள். மழையில் படுத்துவிட்டான் என்றால் ஏசிக்கொண்டே தன் போர்வையைப் போர்த்துவாள். அது கதைக்குத் தேவையா என்று அக்கா கேட்டதில்லை. பெரியப்பா பெரும்பாலும் கண்ணை மூடிக்கொண்டு அந்தக் குரலைக் கேட்டுக்கொண்டிருப்பார் என்று நர்ஸ் சொன்னார்.

வீட்டுக்கு வந்ததும் சித்தப்பா பழையபடி முத்துக் காப்பவர் ஆகிவிடுவார். சித்திக்கு இது பொறுக்கவில்லை. "வீட்ல ஒரு சூனியக்காரி இருக்கறது பத்தலையா, ஞாயித்துக்கெழமைக்கு வேற ஒண்ணா" என்று கேட்டாராம். ஆனால் சனி இரவே அவருடைய சட்டையைத் தேய்த்து வைப்பதும் சித்திதான். ஒன்றை நான் குறித்தாக வேண்டும்: மேசைக்கு வெளியே எதுவும் மாறவில்லை. ஆட்டம் முடிந்தால் பெரியப்பா படி வழியே இறங்குவார். சித்தப்பா லிஃப்டில் இறங்குவார். வாசலில் எதிர்ப்பட்டால் இருவரும் தங்கள் செருப்பைப் பார்த்துக்கொள்வார்கள். ஆட்டத்தின்போதும் இருவரும் ஒருவரையொருவர் பார்த்துத் தலையில் கை வைத்ததில்லை. அக்காவிடம் பேசக் கை வைப்பார்கள். தையற்காரரிடம் பிஸ்கட் கேட்கக் கை வைப்பார்கள். தங்களுக்குள் வைக்கவில்லை.

இப்படியே ஆண்டுகள் போயின. பிறகு அக்காவின் கணவருக்கு வெகு தூரத்து ஊருக்கு மாற்றலாயிற்று. குழந்தைகளின் பள்ளி விடுமுறையில் குடிபெயர வேண்டும். அதற்குள் கதையை முடித்தாக வேண்டும் என்று அக்கா அறிவித்தாள். டிராகனின் மலை கண்ணுக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தது. நேரே போய் வதம் செய்தால் கதை முடிந்தது. கதை முடிந்தால் மேசை முடிந்தது. மேசை முடிந்தால் அந்த இருவருக்கும் பேச இடமில்லை. இதை யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. ஆனால் அறிவிப்புக்குப் பிறகு நடந்தவற்றைப் பார்த்தால் இரண்டு பேருக்கும் அது நன்றாகவே புரிந்திருந்தது என்று தெரிகிறது.

மலையடிவாரக் கிராமத்தில் கிணறு ஒன்று இருந்தது. வாளிக் கயிறு பலமாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும் என்றாள் கிழவி. பழந்துணி கேட்டாள். கயிறு முழுவதையும் ஓடவிட்டுப் பார்த்தாள். ஒரு பிற்பகல் அதிலேயே போயிற்று. அடுத்த வாரம் திருடன், படகுத்துறையில் படகுகள் முறையில்லாமல் போய்வருகின்றன, இதைச் சரிசெய்யாமல் நகர மாட்டேன் என்றான். உண்மையான காகிதத்தில் உண்மையான அளவுகோலால் கோடு போட்டு, இல்லாத ஆற்றில் ஓடாத படகுகளுக்கு நேர அட்டவணை தயாராயிற்று. அதற்கு அடுத்த வாரம் யாருடைய ஆடோ தொலைந்துபோக, இருவரும் ஒத்த மனதாகத் தேடிக் கிளம்பினார்கள்.

தையற்காரர் பொறுமையிழந்தார். அவருடைய மாவீரன் கதையின் தொடக்கத்திலிருந்தே டிராகனைக் கொல்வதாகச் சபதம் செய்தவன். வாளைத் தீட்டித் தீட்டியே அது கத்தரிக்கோல் அளவுக்குத் தேய்ந்துவிட்டது என்று அவர் அங்கலாய்த்தார். கடைசியில் நர்ஸ்தான் தலையில் கையை வைத்தார். நோயாளிகளிடம் பேசும் அதே தணிந்த குரலில், "ஐயா, ஆடு கெடைச்சிடும். அக்கா வீடு காலி பண்றத யாரும் நிறுத்த முடியாது. அடுத்த வாரம்தான் கடைசி" என்றார். பெரியப்பா ஜன்னலைப் பார்த்தார். சித்தப்பா பகடையைக் கையில் உருட்டிக்கொண்டிருந்தார். ஆடு உடனே கிடைத்துவிட்டது.

கடைசி ஞாயிறன்று நானும் போயிருந்தேன். சுவரோரமாக ஒரு நாற்காலி எனக்குக் கிடைத்தது. பாதி வீடு அட்டைப் பெட்டிகளுக்குள் போயிருந்தது. திரைச்சீலைகளைக் கழற்றிவிட்டதால் வெயில் நேரே மேசைமேல் விழுந்தது. வழக்கமான கோப்பைகளைக் கட்டி வைத்துவிட்டார்கள். குழந்தைகளின் பிளாஸ்டிக் தம்ளர்களில் தேநீர் வந்தது.

அக்கா தொடங்கினாள். மலைக்குள் டிராகனின் குகை. குகைக்குப் போக ஒரே வழி. பாறையில் செதுக்கிய படிகள், செங்குத்தாக, கைப்பிடி இல்லாமல், மேலிருந்து கசியும் நீரால் ஈரமாக. இதைச் சொல்லிக்கொண்டே வந்தவளின் குரல் சட்டென்று தேய்ந்தது. தான் எழுதி வைத்திருந்தது இன்னதென்று அவளுக்கு அப்போதுதான் உறைத்தது என்று பின்னால் சொன்னாள். சொன்னதைத் திரும்ப எடுத்துக்கொள்ள முடியாது. அதுவும் மேசையின் விதி.

மாவீரன் முதல் படியில் கால் வைத்தான். வில்லாளி அவன் பின்னே போனாள். கிழவி கீழேயே நின்றாள்.

"நீங்க போங்க" என்றார் சித்தப்பா. "நான் இங்கயே ஒக்காந்திருக்கேன். எனக்குப் படி ஆகாது."

திருடன் திரும்பி இறங்கி வந்தான். "முதுகுல ஏறிக்க" என்றார் பெரியப்பா. "நான் தூக்கிட்டுப் போறேன்."

"போட்டுட்டேன்னா?"

"போட மாட்டேன்."

இதற்குப் பகடை உருட்ட வேண்டும். அக்கா அதை நீட்டவில்லை. பெரியப்பாவும் கேட்கவில்லை. அவர் மேசையில் இருந்த ஒரு பிஸ்கட் துணுக்கை விரலால் தள்ளிக்கொண்டே இருந்தார்.

"அம்மா, ஒண்ணு கேக்கட்டுமா" என்றார்.

திருடன் எப்போதும் அவளைக் கிழவி என்றுதான் கூப்பிட்டிருக்கிறான். சித்தப்பா நிமிர்ந்து பார்த்தார்.

"முன்னாடி ஒரு தடவ விழுந்தியே. யாரும் ஒங்கிட்ட ஒண்ணுமே சொல்லாம விட்டுட்டாங்க. அதுல ஒனக்குக் கோவம் இருக்கா?"

கதையில் கிழவி எங்கும் விழுந்ததில்லை. அவள் எப்போது விழுந்தாள் என்று கேட்கத் தையற்காரர் வாயெடுத்தார். மேசைக்கு அடியில் நர்ஸ் அவருடைய காலை மிதித்தார்.

சித்தப்பாவின் பெரிய கைகள் இரண்டும் தம்ளரைச் சுற்றியிருந்தன. பேசியபோது அது முழுக்க முழுக்கத் தாயாரின் குரல். அந்த அலட்சியம், அந்த முடிவு, ஒவ்வொரு சொல்லையும் தட்டி வைப்பதுபோன்ற அந்த நிதானம்.

"அதுக்கென்ன இப்போ. காலு என்னுது. எறங்கணும்னு தோணுச்சு, எறங்கினேன். சொல்லியிருந்தா மட்டும் கேட்டிருப்பேனா? போடா, பெருசா வந்துட்டான் கேக்க."

பெரியப்பா சிரித்தார். அது சிரிப்பாகத்தான் தொடங்கியது. மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். பிறகு வலது கையைத் தூக்கித் தலைமேல் வைத்துக்கொண்டார். அக்காவைப் பார்க்கவில்லை. தம்பியைப் பார்த்தார்.

"மறந்தது நான்தான்" என்றார். "நீ ஃபோன் பண்ணின. சரி, சொல்லிடறேன்னேன். வச்சதும் மறந்துட்டேன்."

சித்தப்பா தம்ளரைத் தள்ளி வைத்துவிட்டுத் தம் கையையும் தலைக்குக் கொண்டுபோனார்.

"தெரியும்ணே."

"எப்பலேர்ந்து?"

"அப்பவே. நீங்க சரின்னு சொல்லும்போது பின்னாடி பென்சில் ஓடிட்டிருந்துச்சு. எனக்குக் கேட்டுச்சு. நீங்க காதுல வாங்கலன்னு தெரிஞ்சுது. தெரிஞ்சும் வீட்டுக்கு இன்னொரு ஃபோன் பண்ணாம வேலையப் பாக்கப் போனவன் நான்தான்."

பெரியப்பாவின் கை தலையிலேயே இருந்தது. சித்தப்பா தம் கையையும் எடுக்கவில்லை. இப்படியே இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"கைய எடுங்கண்ணே" என்றார் சித்தப்பா கடைசியில். "யாராவது பாத்தா வீட்ல என்னமோ ஆயிடுச்சுன்னு நெனைப்பாங்க."

"நீ மொதல்ல எடு."

இருவருமே எடுக்கவில்லை. பெரியப்பா ஏதோ கேட்டார். சித்தப்பா ஏதோ சொன்னார். தாழ்ந்த குரலில் பேசியதால் சுவரோரம் எனக்குச் சரியாகக் கேட்கவில்லை. கேட்காததை நான் எழுதுவதற்கில்லை. முழங்காலைப் பற்றி ஒரு கேள்வி இருந்தது. சித்தியின் இரத்த அழுத்தம் பற்றி ஒன்று. தாயாரின் கண்ணாடி யாரிடம் இருக்கிறது என்று ஒன்று.

அக்கா மூக்கைத் துடைத்துக்கொண்டாள். தையற்காரர் மிக மெல்லிய குரலில், தலையில் கை வைத்து, "நாங்க மேல போயிடலாமா" என்று கேட்டார். அவள் தலையசைத்தாள். அவரும் நர்ஸும் மேசையின் மறுகோடியில், துக்க வீட்டில் பேசுவதுபோன்ற கிசுகிசுப்பில், குகைக்குள் நுழைந்தார்கள். பகடை ஒருமுறை உருண்டு சோபாவுக்கு அடியில் போய்விட்டது. தையற்காரர் குப்புறப் படுத்து, அங்கிருந்தே இருபது என்று அறிவித்தார். அவர் சொன்னதைத் தவிர அதற்கு வேறு சாட்சியில்லை. யாரும் ஆட்சேபிக்கவில்லை. இத்தனை ஆண்டுகளாகக் காத்திருந்த டிராகன் ஒரே வெட்டில் மாண்டது. திருடனும் கிழவியும் அதைப் பார்க்கவில்லை. பதிவின்படி அவர்கள் இன்னும் படியின் கீழேதான் நிற்கிறார்கள்.

மாலை வெயில் சாயும்போது எல்லோரும் புறப்பட்டோம். அக்கா ஒவ்வொருவரிடமும் விடைபெற்றாள். தன் தந்தையைக் கட்டிக்கொண்டபின் சித்தப்பாவிடம் வந்தாள். அவர் அவளுடைய தலையில் கை வைத்து, கிழவியின் குரலில் ஏதோ திட்டினார். அவள் அழுதுகொண்டே சிரித்தாள்.

நடையில் பெரியப்பா வழக்கம்போலப் படிப்பக்கம் திரும்பினார். சித்தப்பா லிஃப்டின் பொத்தானை அழுத்திவிட்டு நின்றார். கதவு திறந்தது. அவர் ஏறவில்லை, கதவு மூடாமல் உள்ளங்கையால் பிடித்துக்கொண்டு நின்றார். பெரியப்பா முதல் படியில் ஒரு கையைச் சுவரில் வைத்தபடி திரும்பிப் பார்த்தார்.

"இது நல்ல லிஃப்டா?" என்று கேட்டார்.

"போன வாரம் நான்தான் வந்து பாத்தேன்."

"துணி வச்சா?"

"துணி வச்சுதான்."

பெரியப்பா வந்து ஏறினார். ஏறியவுடன், சித்தப்பா எப்போதும் செய்வதுபோல, தாமும் சுவரில் கையைப் பதித்துக்கொண்டார். எங்களுக்கும் இடம் இருந்தது. ஆனால் நர்ஸ் தையற்காரரின் சட்டையைப் பிடித்து இழுத்துவிட்டார். எதிர்வீட்டுக்காரரான அவருக்குக் கீழே வேலையே இல்லை. இருந்தும் நாங்கள் மூவரும் படி வழியாக இறங்கினோம்.

தரைத்தளத்தில் லிஃப்ட் எங்களுக்கு முன்பே வந்து நின்றிருந்தது. கதவு திறந்தது. உள்ளே இருவரும் பேசிக்கொண்டிருந்தார்கள். பெரியப்பா விரலை நீட்டி எதையோ விளக்கிக்கொண்டிருந்தார். சித்தப்பா தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்தார். இறங்க வேண்டும் என்ற நினைவு இருவருக்கும் இல்லை. கதவு மறுபடி மூடிக்கொண்டது. மேலே யாரோ பொத்தானை அழுத்தியிருக்க வேண்டும். கதவுக்கு மேலிருந்த எண் ஒன்று, இரண்டு என்று மாறத் தொடங்கியது.

"மறுபடியும் சண்டையா?" என்று தையற்காரர் கவலையோடு கேட்டார்.

"இல்ல" என்றார் நர்ஸ். "தலையில கை இல்லாமலே பேசிக்கறாங்க."

லிஃப்ட் திரும்பி வரும்வரை நாங்கள் அங்கேயே நின்றோம்.